அஞ்சலட்டையில் வந்த குதிரை

சதுரங்கத்தை நான் இரண்டு தடவை கற்றேன். முதல் தடவை நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், தாத்தா வீட்டுத் திண்ணையில். இரண்டாம் தடவை மெட்ராஸில், மேற்கு மாம்பலத்து மாமா வீட்டுக் கூடத்தில். பலகை ஒன்றுதான், 64 கட்டங்கள்தான், காய்களும் அவைதான். ஆட்டம் மட்டும் வேறு.

தாத்தாவின் ஆட்டத்தில் சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான் நகரும். முதல் அடியில் இரண்டு கட்டம் போகிற சலுகை கிடையாது. கோட்டை கட்டுவது கிடையாது. அதற்குப் பதிலாக, அதுவரை செக் வாங்காத ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவலாம். சிப்பாய் எதிராளியின் கடைசி வரிசையைத் தொட்டுவிட்டால் நினைத்த காயாக மாறிவிட முடியாது. யானை வீட்டில் போய் நின்றால் யானை, குதிரை வீட்டில் நின்றால் குதிரை. ராணியை அவர் மந்திரி என்றுதான் சொல்வார். இவை எங்கள் ஊரில் மட்டும் இருந்த விதிகள் அல்ல. சிறு சிறு மாற்றங்களோடு இந்தியா முழுக்கத் திண்ணைகளிலும் கோயில் மண்டபங்களிலும் இப்படித்தான் ஆடினார்கள்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் திருப்பூவனூர். அங்கே சாமியின் பெயரே சதுரங்க வல்லபநாதர். அரசன் மகள் ராஜராஜேஸ்வரியைச் சதுரங்கத்தில் வென்று மணந்தார் என்பது தல வரலாறு. அப்பர் பாடிய தலம். அந்தக் கோயிலுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் தாத்தா, "சாமியே உக்காந்து ஆடுன ஆட்டம்மா இது. அவசரப்பட்டுக் கையை வைக்கக் கூடாது" என்பார். அவருக்கு அவசரம் என்பதே கிடையாது. சிப்பாய்கள் ஒவ்வொரு கட்டமாக ஊர்ந்து வருவதால் இரண்டு படைகளும் முட்டிக்கொள்ள வெகுநேரம் ஆகும். அதற்குள் அவரவர் படையை அவரவர் விருப்பப்படி நிறுத்திக்கொள்ளலாம். கோலத்துக்குப் புள்ளி வைப்பது போலத் தாத்தா முதலில் காய்களை வைத்து முடிப்பார். பிறகுதான் சண்டை. அந்த ஆட்டத்தில் ஓப்பனிங், அதாவது தொடக்க நகர்த்தல்கள், என்று தனியாகப் படிக்க எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்கு மாற்றலாகி நாங்கள் மெட்ராஸ் வந்தோம். பள்ளிக்கூடம் மாமா வீட்டுக்குப் பக்கம் என்பதால் சாயங்காலங்கள் அங்கேதான் கழிந்தன. மாமா தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்தார். எனக்கு ஆட்டம் தெரியும் என்று சொன்னதும் பலகையை விரித்தார். நான் ஒரு கட்டம் நகர்த்தினேன். அவருடைய சிப்பாய் இரண்டு கட்டம் தாவி நடுவில் வந்து நின்றது. "மாமா, ரெண்டு போகக் கூடாதே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பலகையை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, தாத்தாவின் விதிகள் அத்தனையையும் என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அதன் பிறகு அவர் சொன்னதுதான், சதுரங்கத்தைப் பற்றி நான் கேட்ட முதல் பெரிய விஷயம்.

நம் ஊரிலிருந்து பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போன ஆட்டம் நெடுங்காலம் மெதுவாகவே இருந்தது. மந்திரி ஒரே ஒரு கட்டம் மூலைவாக்கில் போகும். 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயின் பக்கத்தில் அந்த மந்திரி ராணியாகி, எட்டுத் திசையிலும் பலகை முழுக்கப் பாயத் தொடங்கியது. பிஷப்புக்கும் நீண்ட பார்வை கிடைத்தது. சிப்பாயின் இரட்டை அடி அதற்கு முன்பே வழக்கத்தில் வந்திருந்தது. எல்லாம் சேர்ந்ததும் ஆட்டத்தின் வேகம் கூடியது. முன்பு இருபது நகர்த்தலில் வந்த ஆபத்து இப்போது நான்காவது நகர்த்தலிலேயே வந்தது. அதனால் முதல் நான்கைந்து நகர்த்தல்களை யோசித்து வைத்தாக வேண்டிய நிலை. ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் ருய் லோபஸ் 1561-இல் தொடக்க ஆட்டங்களை ஆராய்ந்து புத்தகமே எழுதினார். இன்றும் அவர் பெயரில் ஓர் ஓப்பனிங் இருக்கிறது. விதி மாறியதால்தான் ஓப்பனிங் என்கிற படிப்பே பிறந்தது. பழைய ஆட்டத்தை ஆடிப் பழகியிருந்ததால் எனக்கு அது உடனே விளங்கியது.

மற்ற விதிகளும் அதே வேகத்தின் விளைவுகள் என்று தெரிந்ததும் அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இருக்கவில்லை. சிப்பாய் இரண்டு கட்டம் தாவி, எதிராளிச் சிப்பாயின் பிடியிலிருந்து நழுவிவிடலாமா? கூடாது. ஒரு கட்டம்தான் போனது என்று வைத்துக்கொண்டு அதைப் போகிற வழியிலேயே வெட்டலாம். ஆனால் அடுத்த நகர்த்தலிலேயே வெட்டிவிட வேண்டும், தாமதித்தால் உரிமை போய்விடும். ராஜா நடுவில் நின்றால் இந்த வேகத்தில் தாங்குமா? தாங்காது. அதனால் கோட்டை. ராஜா யானையின் பக்கம் இரண்டு கட்டம் நகரும், யானை அதைத் தாண்டி மறுபக்கம் வந்து நிற்கும். ராஜாவும் அந்த யானையும் அதுவரை அசைந்திருக்கக் கூடாது. நடுவில் காய் இருக்கக் கூடாது. ராஜா செக்கில் இருக்கக் கூடாது, எதிராளியின் பார்வை விழும் கட்டத்தைக் கடக்கவும் கூடாது. தாத்தாவின் ராஜா ஒரு முறை குதிரையாய்த் தாவியதும் இதே தப்பித்தலுக்குத்தானே என்று நான் கேட்டபோது மாமாவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

இவ்வளவும் சொன்னவர் ஓப்பனிங்கைச் சொல்லித்தரவில்லை. பலகையில் மூன்றே காய்களை வைத்தார். எனக்கு ராஜாவும் யானையும், அவருக்கு வெறும் ராஜா. "மேட் பண்ணு பார்ப்போம்." யானையால் ஒரு வேலி போட்டு, எதிராளி ராஜா நிற்கிற பெட்டியைச் சிறிதாக்கிக்கொண்டே போக வேண்டும், யானை தனியாக முடிக்காது, நம் ராஜாவும் நடந்து வந்து எதிரில் நிற்க வேண்டும், கடைசியில் ஓரத்துக்குத் தள்ளிப் பூட்ட வேண்டும். காயை வெட்டாமலும் சிப்பாயை நகர்த்தாமலும் 50 நகர்த்தல் ஓடிவிட்டால் எதிராளி டிரா கேட்கலாம். இந்த மேட் கைவந்த பிறகு ஒரு ராஜா, ஒரு சிப்பாய், எதிரே ஒரு ராஜா. சிப்பாய்க்கு முன்னால் ராஜா நடக்க வேண்டும், பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது என்பது அப்போது படிந்தது. மாமாவிடம் இருந்த, சதுரங்க மேதை காபாபிளாங்காவின் புத்தகமும் 1921-இல் வெளியானதிலிருந்து இதே வரிசையில்தான் பாடம் சொல்கிறது. முதல் பக்கங்களிலேயே யானையும் ராஜாவும் சேர்ந்து மேட் செய்கிற முறை. மூர் மார்க்கெட்டில், அது 1985-இல் தீப்பிடித்து அழிவதற்குப் பல வருஷங்களுக்கு முன், பழைய புத்தகக் கடையில் அதை மாமா வாங்கியிருந்தார். அட்டை போய், கோந்து போட்ட காக்கித்தாள் அட்டை.

அந்தப் புத்தகத்தில் கட்டங்களுக்குப் பழைய முறையில் பெயர் இருந்தது. ராஜாவின் பத்தி, ராணியின் பத்தி என்று எண்ணி, வெள்ளைக்கு வெள்ளையின் பக்கமிருந்தும் கறுப்புக்குக் கறுப்பின் பக்கமிருந்தும் கணக்கிடுவார்கள். ஒரே கட்டத்துக்கு இரண்டு பெயர். 1981-இலிருந்து உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே, ஏ-யிலிருந்து ஹெச் வரை பத்திக்கு எழுத்தும், 1-இலிருந்து 8 வரை வரிசைக்கு எண்ணும் கொண்ட முறையை மட்டுமே ஏற்றது. மாமா என்னைப் பழைய புத்தகத்தைப் படித்துப் புதிய முறையில் நோட்டில் எழுத வைத்தார். எழுதி எழுதித்தான் பலகை கண்ணை மூடினாலும் தெரியத் தொடங்கியது. இன்றைய பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அந்தப் பயனும் இல்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஓப்பனிங் என்னிடம் தபாலில் வந்தது.

மாமா அஞ்சல் வழிச் சதுரங்கம் ஆடுகிறவர். ஒரு நகர்த்தலை 15 பைசா அஞ்சலட்டையில் எழுதி அனுப்புவார். எதிராளி அதைத் தன் வீட்டுப் பலகையில் வைத்துப் பார்த்து, யோசித்து, பதில் நகர்த்தலை எழுதுவார். நாட்டுக்கு நாடு காய்களின் பெயர் மாறுவதால் பன்னாட்டு அஞ்சல் ஆட்டத்தில் எழுத்தே இல்லாமல் எண்களால் எழுதும் முறை இருக்கிறது. பத்திக்கும் எண், வரிசைக்கும் எண். இ2-விலிருந்து இ4-க்குப் போகிற சிப்பாய் 5254. ஜி1-லிருந்து எஃப்3-க்குத் தாவுகிற குதிரை 7163. மாமாவின் நாக்பூர் எதிராளிக்கு அந்த முறைதான் பழக்கம். அட்டையில் நான்கு எண்கள், முந்தின அட்டை கிடைத்த தேதி, பதில் போட்ட தேதி. அவ்வளவுதான் இருக்கும். பத்து நகர்த்தலுக்கு முப்பது நாள் யோசிக்கலாம், தபால் வழியில் கழிகிற நாட்கள் கணக்கில் வராது. புத்தகம் பார்க்கவும் அனுமதி உண்டு. ஆனால் எனக்கு அனுமதி இல்லை. "அடுத்த கார்டு வர்றதுக்குள்ள அவர் ஏன் இதை ஆடினார்னு நீ சொல்லணும்" என்பது மாமாவின் சட்டம்.

எதிராளிக்கு வெள்ளை. முதல் அட்டை 5254. சிப்பாய் இ4. பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும்போதும் அதே யோசனை. அந்தச் சிப்பாய் போனதால் ராணிக்கும் பிஷப்புக்கும் வழி திறக்கிறது. டி5, எஃப்5 கட்டங்களில் எதிராளி கால் வைக்க யோசிக்க வேண்டியிருக்கிறது. சொன்னேன். மாமா தலையாட்டினார். பதிலுக்கு அவர் இ5. நடுவில் உனக்கு எவ்வளவு இடமோ எனக்கும் அவ்வளவு. அடுத்த அட்டை, குதிரை எஃப்3. அது இ5 சிப்பாயைக் குறிவைக்கிறது. மாமா குதிரையை சி6-இல் வைத்துக் காத்தார். அதற்கடுத்து பிஷப் சி4. இத்தாலியன் ஓப்பனிங் என்று எல்லாரும் சொல்கிற மூன்று நகர்த்தல். எனக்கு அந்தப் பெயர் பின்னால்தான் தெரியும். அந்த பிஷப் எஃப்7 கட்டத்தைப் பார்க்கிறது, கறுப்பின் படையில் ராஜா ஒருவரைத் தவிர வேறு காவல் இல்லாத கட்டம் அது என்பதைத்தான் நான் முதலில் கண்டேன். பெயர் தெரியாமல் காரணம் தெரிந்திருந்தது.

அந்த எஃப்7 பலவீனத்தை வைத்துப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் நான்கே நகர்த்தலில் மேட் பண்ணப் பார்ப்பார்கள். ராணியை ஹெச்5-க்குக் கொண்டுவந்து, பிஷப்பை சி4-இல் வைத்து, எஃப்7-இல் ராணி இறங்கும். பதில் தெரியாதவர்களிடம் பலிக்கும். குதிரை சி6, பிறகு சிப்பாய் ஜி6 என்று ராணியைத் துரத்தினால் அது எஃப்3-க்குப் பின்வாங்கி மறுபடியும் எஃப்7-ஐப் பார்க்கும். குதிரையை எஃப்6-இல் வைத்துவிட்டால் வழி அடைந்துவிடும். கறுப்பின் காய்கள் வெளியே வந்திருக்கும், வெள்ளை ராணி அலைந்ததுதான் மிச்சம். ராணியைச் சீக்கிரம் வெளியே எடுக்காதே என்று விதியாகச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஏறாது. துரத்திக் காட்டினால் ஏறும்.

மாமா மூன்றாவது பதிலாக இன்னொரு குதிரையை எஃப்6-இல் வைத்தார். பிறகு வந்த அட்டை 6375. குதிரை ஜி5. அந்த நான்கு எண்களைப் படித்துப் பலகையில் குதிரையை வைத்தபோது என் கை குளிர்ந்தது. பிஷப்பும் குதிரையும் சேர்ந்து எஃப்7-ஐப் பார்க்கின்றன. குதிரை அங்கே வெட்டி உட்கார்ந்தால் ராணியும் யானையும் ஒரே நேரத்தில் அதன் வாயில். மாமா பிஷப்பின் வழியை அடைக்க டி5 சிப்பாயை நீட்டினார். எதிராளி அதை வெட்டினார். இப்போது அந்த வெள்ளைச் சிப்பாய் மாமாவின் சி6 குதிரையைத் தாக்கி நிற்கிறது. எஃப்6 குதிரையால் அந்தச் சிப்பாயை வெட்டிவிடலாம். எனக்கு அதுதான் சரி என்று பட்டது. யாருக்கும் அப்படித்தான் படும். மாமாவோ சி6 குதிரையை ஏ5-க்கு, பலகையின் ஓரத்துக்குக் கொண்டுபோய் அட்டையை எழுதிவிட்டார்.

ஓரத்தில் குதிரையை வைக்காதே என்று எனக்கு முதல் மாதத்திலேயே சொன்னவர் அவர். நடுவில் நிற்கிற குதிரைக்கு எட்டுக் கட்டம், ஓரத்தில் நான்கு, மூலையில் இரண்டு. பிறகு ஏன்? "கார்டு நாக்பூர் போய்ட்டு வரட்டும். அதுவரைக்கும் நீ வெட்டிப் பாரு" என்றார்.

வெட்டிப் பார்த்தேன். குதிரை டி5-இல் வெட்டியதும் வெள்ளைக் குதிரை எஃப்7-இல் தன்னையே பலி கொடுக்கிறது. ராஜா அதை வெட்டுகிறது. ராணி எஃப்3-க்கு வந்து செக்; அதே நகர்த்தலில் டி5 குதிரைமீதும் கண். குதிரையைக் காக்க ராஜா இ6-க்கு, பலகையின் நட்டநடுவுக்கு நடக்க வேண்டும். இன்னொரு வெள்ளைக் குதிரை சி3-க்கு வந்து டி5-ஐ மேலும் அழுத்தும். கறுப்புக்கு ஒரு குதிரை லாபம். ஆனால் ராஜா தெருவில் நிற்கிறது. எத்தனை சாயங்காலம் அந்த நிலையைப் பிரித்துப் பிரித்து வைத்தேனோ தெரியாது. சில வழிகளில் கறுப்பு தப்பியது, பலவற்றில் செத்தது. கடைசியில் மாமாவின் குதிரை ஏன் ஏ5-க்குப் போனது என்று புரிந்தது. அது ஓரத்துக்குப் போகவில்லை, சி4-இல் இருக்கிற பிஷப்பைத் தாக்கப் போயிருக்கிறது. மொத்தத் தாக்குதலுக்கும் உயிர் அந்த பிஷப்தான்.

பிறகு வந்த அட்டைகள் பாடத்தை முடித்துவைத்தன. பிஷப் பி5-க்கு வந்து செக் கொடுத்தது. மாமா சிப்பாயை சி6-இல் வைத்துத் தடுத்தார். எதிராளி அதை வெட்ட, மாமா திருப்பி வெட்ட, பிஷப் இ2-க்குப் பின்வாங்கியது. மாமாவுக்கு ஒரு சிப்பாய் நஷ்டம். ஆனால் அடுத்து ஹெச்6 சிப்பாய் வெள்ளைக் குதிரையை விரட்டியது. அது எஃப்3-க்குப் போனதும் இ4 சிப்பாய் மறுபடி விரட்டியது. வெள்ளையின் காய்கள் வந்த வழியே ஓட, கறுப்பின் காய்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒரு சிப்பாயைக் கொடுத்து மாமா நேரத்தை வாங்கியிருந்தார். சதுரங்கத்தில் நேரத்துக்கு விலை உண்டு, அதைச் சிப்பாய்க் கணக்கில் கொடுக்கல் வாங்கல் செய்யலாம் என்பது எனக்கு அந்த அட்டைகளில்தான் தெரிந்தது. ஆட்டம் அடுத்த தீபாவளி தாண்டி டிராவில் முடிந்தது. முடிவு எனக்குப் பெரிதாகப் படவில்லை.

அதே காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா என்னைச் சோவியத் கலாச்சார மையத்தில் இருந்த தால் செஸ் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போவார். ரிகா நகரத்துக்காரரும் 1960-இல் உலக சாம்பியன் ஆனவருமான மிகயில் தாலின் பெயரில், இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவேல் ஆரோன் முயற்சியில் 1972-இல் தொடங்கிய கிளப். விஸ்வநாதன் ஆனந்த் வளர்ந்த இடம். வேகமான ஆட்டம், கடிகாரத்தைத் தட்டுகிற சத்தம், ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவரும் தோற்றவரும் சேர்ந்து உட்கார்ந்து பிரித்துப் பார்க்கிற வழக்கம். அந்தக் கடைசி வழக்கம்தான் என்னைக் கட்டிப்போட்டது. என்னைவிடச் சின்னப் பையன் ஒருவன் பன்னிரண்டு நகர்த்தல்களை மளமளவென்று ஆடினான். ஆட்டம் முடிந்ததும் நான் எந்த இடத்தில் ஏன் என்று கேட்டாலும் பதில் சொன்னான். மனப்பாடமும் காரணமும் சேர்ந்து ஒரே தலைக்குள் இருக்க முடியும் என்று அவன் எனக்குக் காட்டினான்.

மாமா எனக்குத் தந்த இரண்டாவது பெரிய பாடம் ஓர் ஆட்டம். 1858-இல் பாரிஸ் ஆபரா அரங்கில், அமெரிக்கரான பால் மார்ஃபி, பிரன்ஸ்விக் கோமகனும் இஸோவார் பிரபுவும் சேர்ந்து ஆலோசித்து ஆடிய அணியை 17 நகர்த்தலில் வென்றார். ஓப்பனிங்கின் அடிப்படை அத்தனையும் அந்த 17-க்குள் இருக்கிறது என்று நான் இன்றும் நம்புகிறேன். மாமா ஒரு காகிதத்தால் மீதி நகர்த்தல்களை மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத்தான் திறப்பார்.

கறுப்பு மூன்றாவது நகர்த்தலிலேயே பிஷப்பை ஜி4-க்கு அனுப்பி வெள்ளைக் குதிரையைக் கட்டிப்போடுகிறது. நடுவில் இருக்கிற சிப்பாயை மார்ஃபி வெட்டியதும், அந்த பிஷப்பையே கொடுத்துக் குதிரையை எடுக்க வேண்டியதாகிவிடுகிறது. இல்லையென்றால் ஒரு சிப்பாய் போகும். வெளியே வந்திருந்த ஒரே காயும் போயிற்று. வெள்ளையின் ராணி எஃப்3-இல், பிஷப் சி4-இல். அடுத்து ராணி பி3-க்கு நகர்ந்து எஃப்7-ஐயும் பி7-ஐயும் ஒரே நேரத்தில் பார்க்கிறது. எஃப்7-ஐக் காக்கக் கறுப்பு ராணி இ7-க்கு வருகிறது. வந்த இடத்தில் தன் பிஷப்பின் வழியையே அடைத்துக்கொள்கிறது. இங்கே மார்ஃபி பி7 சிப்பாயை இலவசமாக எடுக்கலாம். மாமா நிறுத்திக் கேட்டார்: "நீ எடுப்பியா?" எடுத்தால் கறுப்பு ராணி பி4-க்கு வந்து செக் கொடுத்து ராணிகளை மாற்றிக்கொள்ளும், ஆட்டம் சப்பென்று ஆகிவிடும். மார்ஃபி சிப்பாயை விட்டுவிட்டு இன்னொரு குதிரையை சி3-க்குக் கொண்டுவந்தார். அதற்கடுத்து இன்னொரு பிஷப், ஜி5-க்கு. சும்மா இருக்கிற காய் எது என்று தேடி அதை எழுப்புவது ஒன்றே அவர் வேலை. கறுப்பு பி5 சிப்பாயால் பிஷப்பை விரட்டப் பார்த்ததும் குதிரையைக் கொடுத்தார். நீண்ட பக்கம் கோட்டை கட்டினார்; அந்த ஒரே நகர்த்தலில் ராஜா பத்திரமாகி யானையும் டி பத்தியில் வந்து நின்றது. ஒரு யானையைக் கொடுத்தார், அந்த இடத்துக்கு இன்னொரு யானையைக் கொண்டுவந்தார். பதினாறாவதில் ராணியையே பி8-இல் கொடுத்தார். பதினேழாவதில் யானை டி8-இல் மேட். கடைசியில் பலகையைப் பார்த்தால் கறுப்பின் ராஜா பக்கத்து பிஷப்பும் யானையும் பிறந்த கட்டத்தை விட்டு அசையவே இல்லை. மார்ஃபியோ எழுந்து வராத காய் என்று எதையும் வைத்திருக்கவில்லை.

இந்த ஆட்டத்தைச் சொல்லித்தரும்போது மாமாவின் குரல் மாறிவிடும். எனக்கும் மாறுகிறது.

மார்ஃபியின் பாடம் நடுவைப் பிடி, வேகமாக வெளியே வா என்பது. தாத்தாவின் ஆட்டம் அதற்கு நேர் எதிர். அப்படியானால் தாத்தா ஆடியது எல்லாம் தப்பா என்று எனக்குள் ஒரு வருத்தம் இருந்தது. ஒரு நாள் மாமா கறுப்பின் காய்களை வேறு மாதிரி அடுக்கினார். குதிரை எஃப்6. சிப்பாய் ஜி6, ஒரே கட்டம். பிஷப் ஜி7, மூலையில் பதுங்கி நீண்ட பார்வை. சிப்பாய் டி6, அதுவும் ஒரே கட்டம். வெள்ளை நடுவில் மூன்று நான்கு சிப்பாய்களோடு விரிந்து நிற்கிறது, கறுப்பு கோட்டை கட்டிக்கொண்டு காத்திருக்கிறது. பிறகு இ5 அல்லது சி5 சிப்பாயால் அந்த விரிந்த நடுவை உடைக்கப் பார்க்கிறது. "மாமா, இது தாத்தா வைக்கிற மாதிரியே இருக்கு" என்றேன். இதன் பெயர் கிங்ஸ் இந்தியன் என்றார்.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் காக்ரேன், வங்காளத்தைச் சேர்ந்த மகேஷ்சந்திர பானர்ஜி என்பவரோடு நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார். பானர்ஜி பழைய இந்திய விதிகளில் ஊறியவர். சிப்பாயை ஒரு கட்டம் ஒரு கட்டமாக வைத்து, பிஷப்பை மூலையில் ஒதுக்கி ஆடுவது அவருக்கு இயல்பு. ஐரோப்பியர்கள் அந்த ஆட்டங்களைப் பார்த்து அதற்கு இந்தியத் தற்காப்பு என்று பெயர் வைத்தார்கள். நடுவைச் சிப்பாய்களால் நிரப்பித்தான் ஆக வேண்டும் என்பதில்லை, தூரத்திலிருந்தும் அதை ஆளலாம் என்று 1920-களில் ஐரோப்பிய ஆட்டக்காரர்கள் நிம்சோவிச்சும் ரெட்டியும் சொன்னபோது அது பெரிய புரட்சியாகப் பேசப்பட்டது. நம் திண்ணைகளில் அதைப் பெயர் வைக்காமலே ஆடிக்கொண்டிருந்தார்கள். பஞ்சாபிலிருந்து 1929-இல் இங்கிலாந்து போன மீர் சுல்தான் கானும் பழைய விதியில் கற்றவர்தான். ஓப்பனிங் புத்தகப் படிப்பு கிடையாது. அங்கே போய்ச் சேர்ந்த அதே வருஷம் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார், 1932, 1933-லும் ஆனார், ஹேஸ்டிங்ஸில் காபாபிளாங்காவையே வென்றார். பல ஆட்டங்களில் தொடக்கத்தில் இடறி, நடுவிலும் கடைசியிலும் மீண்டு வந்தவர்.

மனப்பாடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேல்மட்டத்தில் அது இல்லாமல் நடக்காது. 1995-இல் நியூயார்க்கில் உலக சாம்பியன் போட்டியில் முதல் எட்டு ஆட்டமும் டிரா ஆகி, ஒன்பதாவதை ஆனந்த் வென்றார். பத்தாவதில் எதிராளி காஸ்பரோவ் அதே ருய் லோபஸ் ஓப்பனிங்கில், வீட்டிலேயே தயாரித்து வைத்திருந்த யானைத் தியாகத்தைக் கொண்டுவந்து திருப்பி அடித்தார். பதின்மூன்று வருஷம் கழித்து பான் நகரத்தில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் ஆனந்த் அதே ஆயுதத்தைக் கையில் எடுத்தார். எதிராளி கிராம்னிக் வெள்ளைக் காய்களோடு ஆடிய மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்களில், மேரான் என்கிற ஓப்பனிங்கில் தயாரித்து வைத்திருந்த வழியால் கறுப்போடு இரண்டையும் வென்றார். ஆனால் அந்தத் தயாரிப்புக்கு அடியில் முப்பது வருஷத்துப் புரிதல் இருக்கிறது. மேலே இருப்பதை மட்டும் எடுத்து எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் வைக்க முடியாது.

இப்போது எங்கள் குடியிருப்பில் சில பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்த பிறகு கேட்டு வருகிறவர்கள் கூடினார்கள். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனதும் இன்னும் கூடினார்கள். மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் பெற்றோர் முதலில் கேட்பது, "எந்த ஓப்பனிங்லேருந்து ஆரம்பிப்பீங்க ஆன்ட்டி?" என்பதுதான். பிள்ளைகள் கைப்பேசியில் பத்து ஓப்பனிங்கின் பெயரும் வரிசையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். இரண்டாவது நகர்த்தலில் நான் ஏ பத்திச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினால் என்னை நிமிர்ந்து பார்க்கிறார்கள். கம்ப்யூட்டர் எது நல்ல நகர்த்தல் என்று நொடியில் சொல்லிவிடுகிறது. ஏன் என்று யோசிக்க அது அவகாசம் தருவதில்லை. நாக்பூர் அட்டை வருகிற வரை எனக்குக் கிடைத்த அந்த அவகாசத்தை இந்தப் பிள்ளைகளுக்கு எப்படியாவது உண்டாக்கித் தர வேண்டும் என்பதுதான் என் கவலையெல்லாம். அதனால் என் வகுப்பில் சில ஆட்டங்களுக்கு வாரத்துக்கு ஒரே நகர்த்தல். சனிக்கிழமை நான் ஒரு காயை நகர்த்துவேன், அடுத்த சனிக்கிழமை அவர்கள் பதிலோடும் காரணத்தோடும் வர வேண்டும். முதலில் முணுமுணுத்தார்கள். இப்போது நடுவாரத்தில் என் வீட்டுக் கதவைத் தட்டி, "கண்டுபிடிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பிள்ளையைச் சதுரங்கத்தில் சேர்க்க நினைக்கிற பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பயிற்சியாளரிடம் ஓப்பனிங் பட்டியல் கேட்காதீர்கள். முதல் சில மாதம் யானையையும் ராஜாவையும் வைத்து மேட் செய்யவும், ஒரு சிப்பாயைக் கடைசி வரிசைக்கு நடத்திப்போகவும் பழகட்டும். பிறகு மார்ஃபியின் அந்த 17 நகர்த்தல்களை ஒரு தாளில் எழுதி, மீதியை மறைத்து, ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுங்கள். உங்களுக்கு ஆட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நகர்த்தலிலும் "ஏன் இங்க வச்சாரு?" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை பதில் சொல்லாமல் அடுத்த வரியைத் திறக்காதீர்கள். ஓப்பனிங் புத்தகத்தை அதற்கப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.